வங்கியின் பெயரில் வரும் மின்னஞ்சல் போலியா என்று எப்படிக் கண்டறிவது?

கேள்வி: சாட்ஸ்வொர்த் வாசி

அனைவருக்கும் வணக்கம். டர்பனில் எங்களுடன் வசிக்கும் என் மாமனாருக்கு, அவர் கணக்கு வைத்திருக்கும் வங்கியின் பெயரில் நேற்று ஒரு மின்னஞ்சல் வந்தது. ஃபிகா சட்டப்படி (வாடிக்கையாளர் யாரென்று வங்கிகள் சரிபார்க்க வேண்டும் என்னும் தென்னாப்பிரிக்கச் சட்டம்) தர வேண்டிய முகவரிச் சான்றைப் புதுப்பிக்காததால் கணக்கு இன்று நள்ளிரவோடு முடக்கப்படும் என்றும், இணைத்துள்ள படிவத்தைத் திறந்து உள்நுழைய வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. ஃபிகாவுக்காக வங்கிகள் உண்மையிலேயே இத்தகைய சான்றுகளைக் கேட்பதுண்டு என்பதால்தான் குழப்பம். முத்திரையும் நிறமும் வங்கியுடையவை போலவே உள்ளன. அவர் இன்னும் எதையும் திறக்கவில்லை. எதை வைத்து முடிவு செய்வது?

பதில்: ஜோஹன்னஸ்பர்க், கணினிப் பாதுகாப்புப் பணியாளர்

முத்திரையையும் நிறத்தையும் பொருட்படுத்த வேண்டாம். வங்கியின் உண்மையான மடலிலிருந்து அவற்றை அப்படியே நகலெடுக்கலாம். அனுப்புநர் பெயராகவும் யாரும் எதையும் இட்டுக்கொள்ளலாம். கைப்பேசியில் பெரும்பாலும் பெயர் மட்டுமே தெரியும் என்பதால், அதைத் தொட்டு முழு முகவரியை வரவழைத்து, @ குறிக்குப் பின்னுள்ள பகுதியை வலமிருந்து இடமாகப் படியுங்கள். முகவரி 'கோ.இஸட்ஏ' (.co.za) என்று முடிந்தால், அதற்கு ஒட்டி முன்னால் நிற்கும் சொல்லே உரியவரைக் காட்டும். 'வங்கிபெயர்.கோ.இஸட்ஏ.அப்டேட்லாகின்.காம்' என்றிருந்தால், வங்கியின் பெயர் முதலில் நின்றாலும் அந்த முகவரி 'அப்டேட்லாகின்' என்பதைப் பதிவு செய்தவருடையது. முகவரி சரியாக இருந்தாலும் அதையே உறுதியாகக் கொள்ள முடியாது. அதையும் போலியாக இட வழி உண்டு.

எனக்கு அதிகக் கவலை தருவது அந்த இணைப்புக் கோப்புதான். அது எச்டிஎம்எல் கோப்பாக, அதாவது இணையப் பக்கமாகத் திறக்கும் கோப்பாக, இருந்தால், திறந்தவுடன் வங்கியின் உள்நுழைவுப் பக்கம் போலவே தோன்றும். ஆனால் முகவரிப் பட்டையில் வங்கியின் தளம் இருக்காது, உங்கள் கணினியிலுள்ள கோப்பின் இருப்பிடமே இருக்கும். அதில் தட்டும் கடவுச்சொல் நேராக மோசடிக்காரரிடம் போய்ச் சேரும். லிங்க் வழியாகத் திறக்கும் போலித் தளங்களில் பூட்டுக் குறிகூட இருக்கலாம். அது தகவல் மறையாக்கப்பட்டுச் செல்கிறது என்பதை மட்டுமே சொல்கிறது, யாரிடம் செல்கிறது என்பதைச் சொல்வதில்லை.

பதில்: ஃபீனிக்ஸ், ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்

மேலே சொன்னவை சரியே. ஆனாலும் உங்கள் மாமனாரை முகவரிகளை ஆராயும் பொறுப்பில் விட வேண்டாம். மின்னஞ்சலில் உள்ள எதன் வழியாகவும் வங்கிக்குள் போகக்கூடாது என்ற ஒரே பழக்கம் அவருக்குப் போதும். வங்கியின் ஆப்பைத் தானே திறந்து பார்க்கட்டும், அல்லது அட்டையின் பின்புறம் அச்சிட்டுள்ள எண்ணை அழைக்கட்டும். சான்று உண்மையிலேயே தேவையென்றால் அங்கேயே சொல்வார்கள். கிளைக்கு நேரில் கொண்டுபோயும் கொடுக்கலாம்.

இன்னொன்றையும் அவரிடம் அழுத்திச் சொல்லுங்கள். கடவுச்சொல் கிடைத்ததும் மோசடிக்காரர் உடனே உள்நுழைவார். அப்போது ஓடிபியோ ஒப்புதல் கேட்கும் செய்தியோ உங்கள் மாமனாரின் கைப்பேசிக்கு வரும். வங்கியின் மோசடித் தடுப்புப் பிரிவிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஒருவர் அழைத்து, பணத்தைக் காப்பாற்றவே அதை ஏற்கச் சொல்வதாகப் பதற்றப்படுத்துவார். அந்தச் செய்தியில் புதிய பயனாளியைச் சேர்ப்பதாகவோ பணம் அனுப்புவதாகவோ எழுதியிருக்கும். அதைப் படிக்காமல் ஒப்புதல் தரும் நொடியில்தான் பணம் போகிறது.

சாட்ஸ்வொர்த் வாசி

மிக்க நன்றி. முகவரியைப் பார்த்தேன், அது வங்கியுடையது அல்ல. மின்னஞ்சலை அழித்துவிடலாமா? ஒருவேளை அவர் ஏற்கெனவே விவரம் கொடுத்திருந்தால் என்ன செய்திருக்க வேண்டும்?

பதில்: ஜோஹன்னஸ்பர்க், கணினிப் பாதுகாப்புப் பணியாளர்

உடனே அழிக்க வேண்டாம். மோசடிகளைத் தெரிவிக்க உங்கள் வங்கி தன் தளத்தில் கொடுத்திருக்கும் முகவரிக்கு, அதை இணைப்பாகச் சேர்த்து அனுப்பிவிட்டு அழியுங்கள். அப்போதுதான் அது வந்த வழியைக் காட்டும் தலைப்பு விவரங்கள் சிதையாமல் போய்ச் சேரும்.

விவரம் கொடுத்திருந்தால், முதல் வேலை வங்கியை அழைத்துக் கணக்கை நிறுத்தச் சொல்வது. பிறகு, பாதிக்கப்படாத வேறொரு கருவியிலிருந்து கடவுச்சொல்லை மாற்ற வேண்டும்; மின்னஞ்சலுக்கும் அதே கடவுச்சொல் என்றால் அதையும் சேர்த்து. கைப்பேசியில் சிக்னல் திடீரென்று போனால் சிம் மாற்று மோசடியாக, அதாவது உங்கள் எண்ணை மோசடிக்காரர் தன் சிம்முக்கு மாற்றிக்கொண்டதாக, இருக்கலாம்; வேறு தொலைபேசியிலிருந்து உடனே சேவை நிறுவனத்தை அழையுங்கள். பணம் போயிருந்தால் காவல் நிலையத்தில் புகார் அளித்து வழக்கு எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். 2020ஆம் ஆண்டின் சைபர் குற்றங்கள் சட்டப்படி இது குற்றம். அடையாள எண்ணும் வெளியே போயிருந்தால், தென்னாப்பிரிக்க மோசடித் தடுப்புச் சேவையில் இலவசமாகப் பாதுகாப்புப் பதிவு செய்யலாம். அவர் பெயரில் கடன் விண்ணப்பம் வந்தால் உறுப்பு நிறுவனங்களுக்கு அது எச்சரிக்கையாகத் தெரியும். வங்கியின் பதில் திருப்தியாக இல்லையென்றால், 2024இல் செயல்படத் தொடங்கிய தேசிய நிதி குறைதீர்ப்பு அமைப்பிடம் கட்டணமின்றி முறையிடலாம். ஆனால் வங்கியிடம் முதலில் எழுத்தில் புகார் கொடுத்திருக்க வேண்டும்.