இரண்டு பெட்டி, 46 கிலோ, நடுவில் ஒரு மிக்ஸி: மகள் பிரசவத்துக்கு அமெரிக்கா செல்ல உதவி தேவை

பாலக்கோட்டுக்காரர்:
வணக்கம். அடுத்த மாதக் கடைசியில் நியூஜெர்சியில் மகளுக்குப் பிரசவம். மாடுகளையும் தக்காளியையும் விட்டுவிட்டு நான் கிளம்ப முடியாது. அதனால் என் மனைவி மட்டும் ஐந்து மாதத்துக்குப் போகிறார். விமானம் ஏறுவது இதுதான் முதல் முறை. பெங்களூரில் ஏறி, துபாயில் மாற வேண்டும். டிக்கெட்டில் 23 கிலோ வீதம் இரண்டு பெட்டிகளுக்கு அனுமதி. நேற்று இரண்டையும் தக்காளி மண்டித் தராசில் ஏற்றினேன். ஒன்று 29, மற்றொன்று 26. மண்டியில் நின்றவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். தராசு மட்டும் இறங்கவில்லை.

உள்ளே அரிசி 5 கிலோ, கேழ்வரகு மாவு 4 கிலோ, புளி 2 கிலோ, கொப்பரை, கசகசா, மிளகாய்ப்பொடி, காயவைத்த கறிவேப்பிலை, மாங்காய் ஊறுகாய், பிரசவ லேகியம். இவற்றுக்கு மேல் ஒரு மிக்ஸி. எதைத் தொட்டாலும் சண்டை வருகிறது. மனைவிக்குச் சர்க்கரை, இன்சுலின் போடுகிறார். ஐந்து மாத மருந்தும் எடுத்துப் போகலாமா?

ஓசூர் மருமகள்:
ஐயா, முதலில் கசகசாவை வெளியே எடுங்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் அது போதைப்பொருள் கணக்கில் வரும், துபாய் வழியாகப் போகிறவர் ஒரு பிடிகூட வைத்திருக்கக் கூடாது. குருமாவுக்கு முந்திரி அரைத்துக்கொள்ளட்டும்.

அடுத்து அரிசி. நம் நாட்டில் தானியத்தைத் தின்னும் கப்ரா வண்டு அங்கே புகுந்துவிடும் என்ற அச்சத்தால், பயணிகள் பெட்டியில் அரிசி கொண்டுவர அமெரிக்கா அனுமதிப்பதில்லை. நியூஜெர்சியில் பொன்னி அரிசி விற்காத இந்தியக் கடை உண்டா என்ன? அந்த 5 கிலோ போனாலே பாதிச் சண்டை தீர்ந்தது. கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பத்துச் செடி. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைப் பட்டுப்போகச் செய்யும் நோயைப் பரப்பும் பூச்சி அதிலும் வாழும். பச்சை இலைக்குத் தடை, காய்ந்ததையும் கொண்டுபோகாமலிருப்பது நல்லது. கொப்பரை எண்ணெய்ப்பசை உள்ளது, தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும் என்பதால் விமானத்தில் ஏற்றவே மாட்டார்கள்.

மாவு, புளி, பொடி, ஊறுகாய், லேகியம் எல்லாம் பெரிய பெட்டியில் போகட்டும். மிளகாய்ப்பொடியைக் கைப்பையில் வைக்கக் கூடாது. ஊறுகாயும் லேகியமும் திரவக் கணக்கு, கைப்பையில் 100 மில்லிக்கு மேல் விட மாட்டார்கள். லேகியத்தை மகள் சாப்பிடுவதற்கு முன் அங்குள்ள மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள்.

காவேரிப்பட்டினம் மின்பணியாளர்:
மிக்ஸி வேண்டாம். நம் வீட்டில் 230 வோல்ட், அங்கே 120 வோல்ட். சட்னி அரைபடுவதற்குள் குழந்தை தவழ ஆரம்பித்துவிடும். மின்னழுத்தம் ஏற்றும் டிரான்ஸ்பார்மர் வாங்கலாம்தான், அதுவே சில கிலோ கனம். அங்கேயே 120 வோல்ட்டுக்கான இந்திய மிக்ஸி கிடைக்கும், மாப்பிள்ளையை வாங்கச் சொல்லுங்கள். போன் சார்ஜரில் 100–240 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் தட்டை முள் அடாப்டர் ஒன்று போதும். பவர் பேங்க் கைப்பையில்தான், பெரிய பெட்டியில் கூடாது.

பாலக்கோட்டுக்காரர்:
அரிசிக்கு ஒப்புக்கொண்டார். மிக்ஸி என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாப்பிள்ளை வாங்கி வைக்கிறார் என்று மகளே போனில் சொன்ன பிறகுதான் இறங்கிவந்தார். கொஞ்சம் பெங்களூரா மாம்பழமாவது கொடுத்தனுப்பலாமா? பக்கத்துத் தோட்டத்தில் பழுக்கிறது.

ஓசூர் மருமகள்:
கூடாது ஐயா. கதிர்வீச்சுப் பதப்படுத்தலுக்குப் பிறகு வணிக முறையில் போகும் மாம்பழத்துக்குத்தான் 2007 முதல் அமெரிக்காவில் வழி. பெட்டியில் போனால் குப்பைத்தொட்டிக்குத்தான்.

கிருஷ்ணகிரி மருந்தாளுநர்:
மருந்து விஷயத்தில் அவசரப்படாதீர்கள். பொதுவாக 90 நாளுக்கு மேற்படாத அளவைத்தான் சொந்த உபயோகத்துக்கு அமெரிக்காவுக்குள் கொண்டுபோகலாம். மீதியைப் பிறகு கூரியரில் அனுப்பலாம். பாஸ்போர்ட், விசா நகலும் மருத்துவர் கடிதமும் சீட்டும் சேர்த்து அனுப்ப வேண்டும். மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் கொட்டாதீர்கள். மருத்துவர் சீட்டு ஆங்கிலத்தில், மருந்தின் வேதிப் பெயரோடு இருக்கட்டும்.

இன்சுலின் கைப்பையில்தான் போக வேண்டும். சரக்கு அறையில் உறைந்துவிட வாய்ப்புண்டு, உறைந்த இன்சுலின் வீண். குளிர் பையில் வையுங்கள், பனிக்கட்டி நேரே படக் கூடாது. மருந்து என்பதால் 100 மில்லிக் கட்டுப்பாடு இதற்குப் பொருந்தாது, சோதனையில் முதலிலேயே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். நீண்ட பயணத்தில் கால் மரத்துப்போகும், இடையிடையே எழுந்து நடக்க வேண்டும்.

தருமபுரி மகன்:
என் அம்மாவையும் போன வருடம் இப்படித்தான் அனுப்பினேன். சக்கர நாற்காலி உதவி கேளுங்கள். நடக்க முடிந்தவர் என்று கூச்சப்படாதீர்கள், துபாயில் அடுத்த விமானத்தின் வாசல்வரை ஆளே கூட்டிப்போய் விடுவார். 48 மணி நேரத்துக்கு முன்பே விமான நிறுவனத்திடம் சொல்லிவைக்க வேண்டும். மகளின் முகவரி, போன் எண், விமான விவரம், ‘உணவுப் பொருள் இருக்கிறது’ என்ற வரி ஆகியவற்றை ஆங்கிலத்தில் ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுங்கள். அங்கே இறங்கியதும் அதிகாரியிடம் அந்த வரியைக் காட்டட்டும். சொல்லிவிட்டால் பெரும்பாலும் பொருளை எடுத்துக்கொள்வதோடு போகும், மறைத்தால் அபராதம்.

விமானம் விடியற்காலை என்றால் முந்தின இரவே கிளம்புங்கள். ராயக்கோட்டை, ஓசூர் வழியில் சிக்கலில்லை. பெங்களூருக்குள் சில்க் போர்டு, ஹெப்பாள் சந்திப்புகளின் நெரிசல்தான் ஆளைக் கொல்லும்.

பாலக்கோட்டுக்காரர்:
இன்று மறுபடி மண்டிக்குப் போனேன். 21.5, 20. தராசுக்காரர் கைதட்டினார். மீதி இடத்தைப் பார்த்ததும் மனைவி இன்னும் ஒரு கிலோ புளி எடுத்து வைத்துவிட்டார். நான் வாயே திறக்கவில்லை.