ஹைபிரிட் காரா, பெரிய எஸ்யூவியா: ஆறு பேருக்கு எதில் உண்மையிலேயே இடம் இருக்கிறது?

மடிப்பாக்கம்வாசி (கேள்வி)

வணக்கம். எங்கள் வீட்டில் ஆறு பேர்: நானும் என் மனைவியும், 13 வயதிலும் 9 வயதிலும் இரண்டு பிள்ளைகள், என் பெற்றோர். அம்மாவுக்கு இரண்டு முழங்கால்களிலும் மாற்று அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. நடக்கிறார், ஆனால் உயரமான படியைக் கண்டால் தயங்குகிறார். இரண்டு மாதங்களுக்கு ஒரு முறை கும்பகோணம் போய்வர வேண்டியிருக்கிறது. இப்போதிருக்கும் செடானில் ஐந்து பேருக்கு மேல் ஏற முடியாததால் அப்பா ஒவ்வொரு முறையும் தனியாக ரயிலில் வருகிறார்.

இன்னோவா ஹைகிராஸ் ஹைபிரிட் (பெட்ரோல் எஞ்சினோடு பேட்டரியில் ஓடும் மோட்டாரும் உள்ளது), பார்ச்சூனர், ஸ்கார்பியோ என் ஆகிய மூன்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். உறவினர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொல்வது, இடம் வேண்டுமென்றால் பெரிய எஸ்யூவிதான் என்பது. மைலேஜையும் விலையையும் நானே கணக்குப் பார்த்துக்கொள்வேன். உள்ளே உட்காரும் இடத்தையும் டிக்கியையும் பற்றி மட்டும் அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

கிண்டிப் பொறியாளர்

வண்டியின் வெளி நீளத்தை வைத்து உள்ளிருக்கும் இடத்தை முடிவு செய்யாதீர்கள். பார்ச்சூனரின் நீளம் 4,795 மி.மீ.; ஹைகிராஸின் நீளம் 4,755 மி.மீ. ஆனால் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையிலான தூரம், அதாவது வீல்பேஸ், பார்ச்சூனரில் 2,745 மி.மீ., ஹைகிராஸில் 2,850 மி.மீ. நீளத்தில் சிறியதாக இருக்கும் வண்டிக்குள்தான் மூன்று வரிசைகளையும் பரப்பி வைக்கக் கூடுதலாகப் பத்து சென்டிமீட்டர் கிடைக்கிறது. பழைய இன்னோவா கிரிஸ்டாவின் வீல்பேஸ் 2,750 மி.மீ. என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஒரே குடும்பத்து வண்டிக்குள்ளேயே கட்டுமானம் மாறியதால் என்ன நடந்தது என்பது விளங்கும்.

கட்டுமானம் என்று நான் சொல்வது இதைத்தான். பார்ச்சூனர், ஸ்கார்பியோ என் இரண்டுமே லேடர் பிரேம் வண்டிகள். ஏணி போன்ற ஒரு இரும்புச் சட்டத்தின் மேல் உடல் தனியாக உட்கார்ந்திருக்கிறது. சட்டம் கீழே இருப்பதால் தரை மேலே போகிறது. பின் சக்கரங்களைச் சுழற்றும் அச்சும் அதன் நடுவிலுள்ள கியர் உருண்டையும் மூன்றாவது வரிசைக்குக் கீழே கிடப்பதால் அங்கே தரை இன்னும் உயர்ந்துவிடுகிறது. கூரையை அதற்கேற்ப உயர்த்திக்கொண்டே போக முடியாது என்பதால் தரைக்கும் இருக்கைக்கும் உள்ள இடைவெளி சுருங்குகிறது. கடைசி வரிசையில் உட்காரும் பெரியவர்கள் குத்துக்காலிட்டு உட்கார்ந்ததுபோல் முழங்கால்களை மார்புக்கு நேரே வைத்துக்கொள்வது இதனால்தான். ஹைகிராஸ் மோனோகாக் கட்டுமானம் கொண்டது, அதாவது தனிச் சட்டம் இல்லாமல் உடலே சட்டமாகவும் இருப்பது. முன் சக்கரங்களால் இழுக்கப்படுவது. எனவே பின்னால் சுழலும் தண்டும் இல்லை, அதற்கான மேடும் இல்லை.

எஸ்யூவி என்ற பெயர் மட்டுமே குற்றவாளி அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். மஹிந்திராவின் எக்ஸ்யூவி700 என்ற எஸ்யூவியும் மோனோகாக்தான், இருந்தாலும் வீல்பேஸ் 2,750 மி.மீ. அளவில் இருப்பதால் அதன் கடைசி வரிசை பிள்ளைகளுக்கே பொருந்தும் என்பது என் கருத்து.

ஓஎம்ஆர் பயணி

மேலே சொன்ன கணக்கு சரி, ஆனால் ஒரு பக்கத்துக் கணக்கு. நான் ஐந்து ஆண்டுகளாக ஒரு பெரிய லேடர் பிரேம் எஸ்யூவி வைத்திருக்கிறேன். நாங்கள் நான்கு பேர், எப்போதாவது ஐந்து பேர். கடைசி வரிசையை மடித்தே வைத்திருக்கிறோம். முதல் இரண்டு வரிசைகளில் அகலம் தாராளம். ஸ்கார்பியோ என்னின் வெளி அகலம் 1,917 மி.மீ.; மூன்று பெரியவர்கள் தோளை ஒடுக்காமல் உட்காருவதற்கு அந்த அகலம் எவ்வளவு உதவும் என்பது திண்டிவனத்தைத் தாண்டும்போது தெரியும். நிமிர்ந்து உட்கார்ந்து சாலையைப் பார்த்துக்கொண்டு போகும் சுகமும் உண்டு. அதை எந்த அளவுகோலும் காட்டாது.

ஆனால் உங்கள் அம்மாவை நினைத்தால் நான் தயங்குவேன். என் மாமியாருக்காக இப்போது வண்டியில் ஒரு பிளாஸ்டிக் முக்காலி நிரந்தரமாக இருக்கிறது. கோயில் வாசலில் வண்டி நின்றதும் முதலில் இறங்குவது அந்த முக்காலிதான், பிறகுதான் அவர்.

பெரம்பூர் ரசிகன்

ஹைபிரிட் என்றாலே இடம் தாராளம் என்று யாரும் முடிவுகட்டிவிட வேண்டாம். என்னுடையது ஐந்து இருக்கை ஹைபிரிட், பெயர் வேண்டாம். ஷோரூமில் முன் இருக்கை, பின் இருக்கை, திரை, கூரைக் கண்ணாடி எல்லாவற்றையும் காட்டினார்கள். டிக்கியைத் திறந்துகாட்டச் சொல்ல எனக்கும் தோன்றவில்லை. வண்டி வீட்டுக்கு வந்தபின் திறந்து பார்த்தால் பேட்டரி தரைக்கு அடியில் குடியிருக்கிறது. தரை திண்ணைபோல் மேலே வந்துவிட்டது. திருவண்ணாமலையில் நடந்த நிச்சயதார்த்தத்துக்குப் போனபோது சீர்த் தட்டுகளில் பாதி என் மனைவியின் மடியில்தான் பயணம் செய்தன.

கிண்டிப் பொறியாளர்

பெரம்பூர் நண்பர் சொன்னது முக்கியமானது. அதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஒரே வண்டி பெட்ரோலிலும் ஹைபிரிட்டிலும் வரும்போது வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ஹோண்டா சிட்டியின் பெட்ரோல் வகையில் டிக்கி 506 லிட்டர். ஹைபிரிட் வகையில் 306 லிட்டர். மாருதியின் கிராண்ட் விட்டாராவில் சாதாரண வகைக்கு 373 லிட்டர், பெரிய பேட்டரி கொண்ட ஸ்ட்ராங் ஹைபிரிட்டுக்கு 265 லிட்டர். பயணிகள் உட்காரும் பகுதியைத் தொடாமல் இழப்பு முழுவதையும் டிக்கியின் தலையில் கட்டியிருக்கிறார்கள். பேட்டரியைக் குளிர்விக்கும் காற்று உள்ளே போக, பல ஹைபிரிட் வண்டிகளில் பின் இருக்கையின் ஓரத்தில் ஒரு துவாரம் இருக்கும். பையையோ போர்வையையோ அதன்மேல் சாத்திவைக்கக் கூடாது.

இனி உங்கள் மூன்று வண்டிகளுக்கு வருவோம். எல்லா இருக்கைகளும் நிமிர்ந்திருந்தால் ஹைகிராஸில் 300 லிட்டர், பார்ச்சூனரில் 296 லிட்டர் என்று சொல்கிறார்கள். அதாவது வித்தியாசமே இல்லை. ஸ்கார்பியோ என்னில் அந்த நிலையில் ஒரு பட்டைதான் மிஞ்சும். ஆறு பேரையும் வரிசைக்கு இருவராக 2, 2, 2 என்று உட்கார வைத்தால் எந்த வண்டியிலும் பெட்டிகளுக்குத் திண்டாட்டம்தான்.

எனவே ஹைகிராஸில் நடுவரிசை நீள இருக்கையாக உள்ள எட்டு பேர் வகையைப் பாருங்கள். 2, 3, 1 என்று உட்கார்ந்தால் கடைசி வரிசையில் ஒரு பாதியை மடித்து, அந்த இடத்தில் பெட்டிகளைக் கூரைவரை அடுக்கலாம். மறுபாதியில் ஒருவர் உட்காரலாம். பார்ச்சூனரில் கடைசி இருக்கைகள் பக்கவாட்டில் தூக்கித் தொங்கவிடப்படுகின்றன. மடித்த பிறகும் அவை அகலத்தைத் தின்றுகொண்டு நிற்கும்.

அம்மாவையும் பெட்டிகளையும் அழைத்துக்கொண்டு போங்கள். அம்மா அன்றாடம் கட்டும் புடவையிலேயே வரட்டும், சுடிதாரில் வேண்டாம். இருக்கை அவருடைய இடுப்பு உயரத்துக்கு அருகில் இருந்தால் திரும்பி உட்கார்ந்து காலை உள்ளே எடுத்துக்கொள்ள முடியும். அதைவிட உயரமென்றால் ஏற வேண்டும், தாழ்வென்றால் எழும்போது முட்டியில் பாரம் விழும்.

மடிப்பாக்கம்வாசி

அனைவருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை அம்மாவுடனும், வீட்டிலிருந்த தையல் டேப்புடனும், இரண்டு பெட்டிகளுடனும் போய்வந்தோம். இரண்டு எஸ்யூவிகளிலும் அம்மா கைப்பிடியைப் பிடித்து ஏறிவிட்டார். இறங்கும்போதுதான் அப்பாவின் தோள் தேவைப்பட்டது. ஹைகிராஸில் உதவியில்லாமல் உட்கார்ந்து எழுந்தார். என் உயரம் 178 செ.மீ.; ஓட்டுநர் இருக்கையையும் நடு இருக்கையையும் எனக்கு ஏற்றபடி வைத்துவிட்டு அவற்றுக்குப் பின்னால் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன்; முழங்கால் முன்சீட்டைத் தொடவில்லை. பார்ச்சூனரில் அதே முறையில் உட்கார்ந்தபோது கிண்டி நண்பர் சொன்ன குத்துக்கால் எனக்கே வாய்த்தது.

ஒன்று மட்டும் பாக்கி. அந்த ஷோரூமில் நடுவில் தனித்தனி இருக்கைகள் உள்ள வகைதான் காட்சிக்கு இருந்தது. எட்டு பேர் வகையை அடுத்த வாரம் வரவழைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். 2, 3, 1 ஏற்பாட்டில் அந்த ஒற்றை இருக்கை தனக்குத்தான் என்று பெரியவன் இப்போதே பதிவு செய்துவிட்டான். பெட்டிகள் அடுத்தவர்மேல் சரிந்து விழாமல் கட்டிவைக்க அங்கே கொக்கி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன்.