'டெசிடீரியம்': ஆசையா, ஏக்கமா?

கடலூர்க்காரி:
இங்கிலீஷ் கட்டுரை ஒன்றை மொழிபெயர்க்கிறேன். செத்துப்போன நண்பனை நினைத்து எழுதும்போது 'டெசிடீரியம்' என்கிறார் அந்த மனிதர். வீட்டிலிருக்கும் அகராதியில் இல்லை. 'டிசையர்' மாதிரி இருக்கிறதே என்று 'ஆசை' போட்டேன். படித்துப் பார்த்தால் விபரீதமாக இருக்கிறது! லத்தீன் தெரிந்தவர்கள் யாராவது?

பாதிச்சாமியார்:
செமினரியில் நாலு வருஷம் லத்தீன் படித்துவிட்டு ஓடிவந்தவன் நான். இந்தச் சொல்லை எனக்குப் புரியவைத்தது கவிதை இல்லை, போர்க்கணக்கு. கி.மு. 52-இல், இன்றைய பிரான்சில் இருந்த கெர்கோவியா என்ற இடத்தில், ரோமானியத் தளபதி சீசர் அடிவாங்குகிறார். எழுநூறுக்குச் சற்றுக் குறைவான வீரர்கள் போய்விட்டார்கள் என்பதற்கு அவர் எழுதும் வினை 'டெசிடெராரே'. எண்ணிப் பார்த்தால் ஆள் குறைகிறது, அவ்வளவுதான். அந்தக் குறை மனசில் உட்கார்ந்தால் டெசிடீரியம். கிடைக்காததற்கான ஏக்கத்துக்கும் வரும். ஆனால் இங்கிலீஷில் இதை எடுத்து ஆள்கிறவர்கள் பெரும்பாலும் இருந்து இல்லாமல் போனதற்கே வைக்கிறார்கள்.

உங்கள் கட்டுரையில் வரும் இடத்துக்கு ரோமானியக் கவிஞர் ஹொராஸ்தான் பொருத்தம். நண்பர் குவின்டிலியஸ் இறந்தபோது இன்னொரு கவிஞரான வர்ஜிலுக்கு அவர் எழுதிய பாட்டு இதே சொல்லோடுதான் தொடங்குகிறது: இத்தனை அருமையானவனுக்காக ஏங்குவதில் என்ன வெட்கம், என்ன அளவு என்று.

'டிசையர்' இதே குடும்பம்தான், பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. வரும் வழியில் துக்கத்தை உதறிவிட்டது.

வானம்பார்த்தவன்:
இதில் நட்சத்திரம் இருக்கிறது என்று படித்த ஞாபகம்?

பாதிச்சாமியார்:
ஆமாம். 'சீடுஸ்' என்றால் விண்மீன், 'டே' என்றால் 'இருந்து'. 'கன்சிடர்' என்பதிலும் அதே விண்மீன் என்பார்கள். ஆனால் விண்மீனிலிருந்து ஏக்கத்துக்கு எப்படி வந்தது என்பது ஊகம்தான். விண்மீன்கள் என்ன கொண்டுவரும் என்று காத்திருப்பது என்று ஒரு விளக்கம் உண்டு. அழகாக இருக்கிறது என்பதற்காக நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

கடலூர்க்காரி:
போர்க்கணக்குதான் கண்ணைத் திறந்தது. எங்கள் வீட்டில் மாமா வெளியூர் போனால் பாட்டி 'பிள்ளைக்கு அப்பனைத் தேடுது' என்பாள். பிள்ளை எங்கேயும் போய்த் தேடவில்லை, திண்ணையில்தான் உட்கார்ந்திருக்கும். 'எனக்கு அவனைத் தேடுகிறது' என்று மாற்றிவிட்டேன்.

பாதிச்சாமியார்:
நாலு வருஷத்தில் எங்கள் வாத்தியாருக்கு இது தோன்றவில்லையே! எடிட்டர் 'ஏங்குகிறேன்' என்று திருத்தினால் விடாதீர்கள்.