சாம் குக்கின் தொடக்ககாலப் பதிவுகள்: குரலின் பெருமையா, பிற்காலப் புகழின் நிழலா?

கிராமபோன் பிரியன்:

அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் சாம் குக் 1951 முதல் 1956 வரை சோல் ஸ்டிரர்ஸ் என்னும் சுவிசேஷப் பாடல் குழுவோடு ஸ்பெஷால்ட்டி இசைத்தட்டு நிறுவனத்துக்காகப் பாடியவற்றை ஒரு வாரமாக மறுபடி கேட்டுக்கொண்டிருக்கிறேன். 1957-இல் வெளிவந்த ‘யூ சென்ட் மீ’ என்ற காதல் பாட்டிலிருந்து அவரைக் கேட்கத் தொடங்குகிறவர்கள் கதையின் நடுப்பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு படிக்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. 1951 மார்ச்சில், இருபது வயதில், ஹாலிவுட்டில் நடந்த முதல் பதிவில் அவர் பாடிய ‘ஜீசஸ் கேவ் மீ வாட்டர்’ எந்த வாத்தியமும் இல்லாமல் குரல்களால் மட்டுமே நிற்கிறது. கிணற்றடியில் இயேசுவைச் சந்தித்த சமாரியப் பெண்ணின் கதை அது. பில்கிரிம் டிராவலர்ஸ் குழு அதை முன்னரே அதே நிறுவனத்துக்காகப் பாடியிருந்ததால் முதலாளி ஆர்ட் ரூப் தயங்கினார். ஆயினும் இன்று நம் காதில் தங்கியிருப்பது இந்த இளைஞனின் பாட்டுத்தான். எழுபது ஆண்டுகளுக்குப் பின்னும் அலுக்காத அந்த எளிமை, அவர் பிற்காலத்தில் வயலின்களுக்கு நடுவே நின்று பாடிய பாடல்கள் பலவற்றில் இல்லை.

நகரவாசி:

நண்பர் கிராமபோன் பிரியன் அவர்களின் ரசனையை மதிக்கிறேன், ஆனால் முடிவை ஏற்பதற்கில்லை. பின்னாளில் பெரிய மனிதராகிவிட்ட ஒருவருடைய பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தைப் புரட்டி, ‘அன்றே இவர் மேதை’ என்று சொல்வதைப் போன்றது இது. 1950-இன் இறுதியில் குழுவை விட்டு விலகிய முதன்மைப் பாடகர் ஆர். எச். ஹாரிஸின் இடத்துக்கு வந்தவர் குக்; முதல் பதிவுகளில் பல இடங்களில் ஹாரிஸின் பாணியைத்தான் பின்பற்றுகிறார், அந்த உச்ச ஸ்தாயிக்கு எட்டுவதற்குச் சிரமப்படுவதும் கேட்கிறது. தேவாலயத்தில் பாடியது தூய்மை, சந்தையில் பாடியது சமரசம் என்ற தீர்ப்பை அன்றைய சபையார் கோபத்தில் சொன்னார்கள்; அவர்களுக்கு அதற்கு உரிமை இருந்தது. அந்தச் சபையில் ஒரு நாளும் உட்காராத நாம் அதை ஏன் கிளிப்பிள்ளை போல ஒப்பிக்க வேண்டும்? துணிச்சல் எங்கே இருந்தது என்று கேட்டால், 1957 ஜூனில் நடந்த ‘யூ சென்ட் மீ’ பதிவைத்தான் காட்டுவேன். வெள்ளையரின் கூட்டுக்குரலைப் பின்னணியில் வைத்ததைக் கண்டு ரூப் சண்டை பிடித்ததும், தயாரிப்பாளர் பம்ப்ஸ் பிளாக்வெல் ஒலிநாடாக்களோடு வெளியேறியதும், கீன் என்ற புதிய நிறுவனம் வெளியிட்ட அந்தப் பாட்டு ரிதம் அண்ட் புளூஸ் என்ற கறுப்பின இசைப் பட்டியல், பொதுவான பாப் பட்டியல் இரண்டிலும் முதலிடம் பிடித்ததும் அனைவரும் அறிந்தவை.

அடிக்குரல்:

இருவரும் ஒரே மனிதரைப் பற்றிப் பேசுகிறீர்கள். பதிவில் இருப்பதோ ஒரு குழு. இரண்டு முதன்மைக் குரல்கள் மாறி மாறிப் பாட்டை ஏந்திச் செல்லும் முறையைச் சோல் ஸ்டிரர்ஸ் ஹாரிஸின் காலத்திலேயே வகுத்துவிட்டார்கள். குக் மென்மையாக இழைத்துக்கொண்டிருக்கும்போது மற்றொரு முதன்மைப் பாடகரான பால் ஃபாஸ்டர் கரகரத்த குரலோடு பாய்ந்து வருவதையும், கீழே ஜே. ஜே. ஃபார்லியின் அடிக்குரல் தூண் போல நிற்பதையும் நீக்கிவிட்டுக் கேட்டால் குக்கின் மென்மை பாதியாகிவிடும். கரடுமுரடு பக்கத்தில் இருப்பதால்தான் பட்டு பட்டாகத் தெரிகிறது.

கிராமபோன் பிரியன்:

அடிக்குரல் அவர்கள் சொன்னதை முழுவதும் ஏற்கிறேன். நகரவாசி அவர்களுக்கு மட்டும் ஒரு பதில். 1951-இல் ஹாரிஸின் சாயல் இருந்தது உண்மை. ஆனால் நான் சொல்வது ஆறு ஆண்டுகளை. 1956 பிப்ரவரியில் சிகாகோவில் பதிவான ‘டச் த ஹெம் ஆஃப் ஹிஸ் கார்மென்ட்’டைக் கேளுங்கள். தமிழ் வேதாகமத்தில் ‘பெரும்பாடுள்ள ஸ்திரீ’ என்று படித்திருப்போமே, பன்னிரண்டு வருடம் நோயோடு கிடந்து இயேசுவின் வஸ்திரத்தின் ஓரத்தைத் தொட்டவள், அவளுடைய கதை. கைப்பணமெல்லாம் வைத்தியத்தில் கரைந்தது என்று சொல்லும் இடத்தில் ‘இல்லை’ என்பதை ஒருமுறை சொல்லி, சற்றே நிறுத்தி, மீண்டும் சொல்கிறார். வெறும் மடிசீலையை நமக்கு உதறிக் காட்டுவது போல இருக்கிறது. ‘என்னைத் தொட்டது யார்’ என்ற கேள்விக்கு அவள் ‘நான்தான்’ என்னும்போது அந்த ஒற்றை அசை உடைந்து, உருண்டு, கமகமாக இறங்குகிறது. சத்தம் போடவில்லை, அழவும் இல்லை. கூட்டத்துக்கு நடுவே பிடிபட்ட ஒரு பெண்ணின் கூச்சமும் நிம்மதியும் அதில் இருக்கின்றன. இது யாருடைய சாயல்?

நகரவாசி:

‘கமகம்’ என்ற சொல்லுக்கு என் ஆட்சேபம் உண்டு. ராகத்தின் இலக்கணத்துக்குள் பிறக்கும் அசைவையும், கறுப்பின மக்களின் தேவாலயத்தில் வாக்கியத்தின் உணர்ச்சிக்கேற்பக் குரல் புரளும் அசைவையும் ஒரே பெயரால் அழைத்தால் இரண்டுமே மங்கிவிடும். மற்றபடி அந்தப் பாட்டுக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் நீங்கள் காட்டும் அதே புரளல்தான் ஓராண்டு கழித்து ‘யூ சென்ட் மீ’யில் வருகிறது. 1956 இறுதியில் நியூ ஆர்லியன்ஸில் ‘டேல் குக்’ என்ற மறைவுப் பெயரில் அவர் பதிவுசெய்த ‘லவபிள்’ என்ன? குழுவோடு பாடிய ‘ஒண்டர்ஃபுல்’ பாட்டில் கடவுள் இருந்த இடத்தில் காதலியை வைத்தது. பெயரை மறைத்தும் பயனில்லை. குரலைக் கேட்டவுடன் ஆளைக் கண்டுகொண்டார்கள். குரல் அதேதான் என்னும்போது, தொடக்ககாலத்துக்கு மட்டும் தனி மகுடம் எதற்கு?

அடிக்குரல்:

‘லவபிள்’ உங்களுக்கு எதிராகவே சாட்சி சொல்கிறது, நகரவாசி. குரல் அதே, மெட்டு அதே. ஆனால் ‘ஒண்டர்ஃபுல்’லில் இருக்கும் பாரம் அதில் இல்லை. பின்னால் பதில் சொல்லும் குழுவும் இல்லை, பெயரிட முடியாத பெரிய ஒன்றை நோக்கிப் பாடும் நடுக்கமும் இல்லை. 1955 ஜூலை 22 அன்று லாஸ் ஏஞ்சலிஸின் ஷ்ரைன் அரங்கில் பதிவான ‘நியரர் டு தீ’யைக் கேட்டீர்களா? ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடமே கொள்ளும், நிமிடத்துக்கு 78 முறை சுழலும் அக்காலத் தட்டில் அடங்காமல், எட்டு நிமிடத்துக்கும் மேலாக நீள்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் குக் ஒரு படி ஏற, கூட்டத்தின் அலறல் அவரை மேலும் தள்ள, எந்த நொடியில் மென்மை போய் முழக்கம் வந்தது என்று நமக்கே தெரிவதில்லை.

நகரவாசி:

நேற்றிரவு கேட்டேன். இரண்டு முறை. அந்த எட்டு நிமிடத்தைப் பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் என்று சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். இருப்பினும் முழுவதும் சரணடையவில்லை: 1963 ஜனவரியில் மயாமியின் ஹார்லம் ஸ்கொயர் கிளப்பில் பதிவாகி, அவர் இறந்து இருபது ஆண்டுகளுக்குப் பிறகு 1985-இல் வெளியான கச்சேரியில் இதே மனிதர் இதே வெறியோடு நிற்கிறார். ஆகவே நீங்கள் சபையில் தேடுவது 1956-ஓடு முடிந்துவிடவில்லை. மெருகேற்றிய ஸ்டூடியோப் பதிவுகளுக்குள்தான் அது அகப்படவில்லை என்று என் வாதத்தைத் திருத்திக்கொள்கிறேன்.

கிராமபோன் பிரியன்:

‘டச் த ஹெம்’ ஸ்டூடியோப் பதிவுதானே, ஐயா?

அடிக்குரல்:

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்த ஆறு ஆண்டுத் தட்டுகளும் சோல் ஸ்டிரர்ஸ் என்ற பெயரில் வெளிவந்தவை. இன்று நாம் வாங்கும் தொகுப்புகளின் அட்டையில் குக்கின் முகம் பெரிதாக இருக்கிறது. ஃபாஸ்டரின் பெயரைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டியிருக்கிறது.