வியாழன் இரவு ஏழு பேர்

வசந்தி: நாங்கள் பொறுப்பெடுத்துக் கனடாவுக்குக் கூப்பிட்ட ஆப்கான் அகதிக் குடும்பம் பற்றி மின்னஞ்சல் வந்துவிட்டது. வியாழன் இரவு 10:40க்கு டொராண்டோ பியர்சன் விமான நிலையத்தில் இறங்குகிறார்கள். ஏழு பேர்.

மது: ஏழா?? ஆறு என்றுதானே

வசந்தி: விண்ணப்பம் போட்டது 2022இல். நடுவில் ஒரு பிள்ளை பிறந்திருக்கிறது.

குலம்: நல்ல சகுனம் 🙏

ரஞ்சன்: என் பேஸ்மெண்ட் காலியாகத்தான் கிடக்கிறது.

மது: ஹீட்டர் வேலை செய்கிறதா சித்தப்பா? நாங்கள் அங்கே ஜாக்கெட்டோடு படுத்தோம்

ரஞ்சன்: அது பழைய கதை.

தர்ஷன்: கையெழுத்துப் போட்ட தாளை யாரும் வாசித்த மாதிரித் தெரியவில்லை. நாங்கள் ஐந்து பேரும் சேர்ந்து 12 மாதப் பொறுப்பு. இறங்கியதுமே அவர்களுக்கு நிரந்தர வதிவிடம். வேலைக்குச் சின் நம்பர், ஹெல்த் கார்ட், அரசாங்கம் தரும் பிள்ளைகள் காசு, பள்ளிக்கூடம், ஆங்கில வகுப்பு எல்லாம் முதல் இரண்டு கிழமைக்குள் தொடங்க வேண்டும். விமானக் காசு அரசாங்கக் கடன், வட்டி இல்லை, அதை அவர்கள்தான் கட்டுவார்கள். ஆனால் நாங்கள் செலவழித்ததில் ஒரு சதம்கூடத் திருப்பிக் கேட்கக் கூடாது. சித்தப்பா, குழுக் காசையே நீங்கள் வாடகையாக வாங்கினால் எப்படி?

ரஞ்சன்: வாடகை யார் கேட்டது?

சுதா: நேற்று என்னிடம் 1600 என்றீர்களே 😄

மது: 😂😂 சித்தி

குலம்: 86இல் இங்கே நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் நம் ஈழத்து ஆட்கள் 155 பேர் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்தார்கள். மீனவர்கள் ஃபோர்ம் பார்த்தா ஏற்றினார்கள்?

மது: மாமா, நீங்கள் வந்தது 89இல். விமானத்தில்.

குலம்: வந்த கிழமை ஒருவர் எனக்குச் சப்பாத்து தந்தார். இரண்டு அளவு பெரிசு. பேப்பரைச் சுருட்டி உள்ளே வைத்துக்கொண்டு பனிக்குள் நடந்தேன். முதலில் கால் அளவைக் கேளுங்கள். அப்புறம் மற்றது.

வசந்தி: 35 வருடமாக இந்தச் சப்பாத்துதான்

தர்ஷன்: கைக்குழந்தைக்குக் கார் சீட் வேண்டும். இல்லாமல் ஏற்ற முடியாது.

சுதா: என்னுடையதை வசந்தி மச்சாள் கொண்டுபோனவா. இன்னும் வரவில்லை.

வசந்தி: கராஜில்தான் இருக்கிறது சுதா. இத்தனை வருடம் கழித்தா கேட்பது

தர்ஷன்: அது சரிவராது. அடியில் காலாவதித் திகதி அடித்திருக்கும், பாருங்கள்.

வசந்தி: 2019

மது: சரி, புதுசு நான் வாங்குகிறேன்

தர்ஷன்: நீ கையெழுத்தே போடவில்லை. உன் வான் வண்டியைக் கொடு, போதும்.

மது: வியாழன் எனக்கு இரவு வேலை

வசந்தி: அப்போ விமான நிலையத்துக்கு யார்?

குலம்: நான் வருகிறேன்

வசந்தி: நீங்கள் இரவில் ஓட்ட வேண்டாம்

தர்ஷன்: என் வேலையிடத்தில் அவர்களுடைய டாரி மொழி தெரிந்த ஒருவர் இருக்கிறார். வருவாரா என்று கேட்கிறேன்.

ரஞ்சன்: இரண்டு மாதம் சும்மா இருக்கட்டும். பிறகு பார்ப்போம்.

சுதா: 👀

மது: ஹீட்டர்?

ரஞ்சன் இந்தச் செய்தியை நீக்கிவிட்டார்

குலம்: யாராவது கால் அளவு கேட்டீர்களா