எலும்பு வழி மருந்து: கெண்டைக்காலைத் தொட்டுப் பார்த்தீர்களா?

அவசரப் பிரிவு செவிலியர்

எட்டு மாதக் குழந்தை. மூன்று நாளாக வயிற்றுப்போக்கு. தூக்கி வந்தபோது கண் செருகி, உச்சிக்குழி பள்ளமாகி, கைகால் சில்லிட்டுக் கிடந்தது. நானும் இன்னொரு சிஸ்டரும் மாறி மாறித் தேடியும் ஒரு நரம்புகூடக் கிடைக்கவில்லை. டாக்டர் நேரம் கடத்தாமல் ஐஓ ஊசியைக் கேட்டார், அதாவது எலும்புக்குள் இறக்கி மஜ்ஜை வழியாக மருந்து செலுத்தும் ஊசி. இடது முழங்காலுக்குக் கீழே, உள்பக்கத்தில் தட்டையாக இருக்கும் எலும்பில் போட்ட முதல் குத்து நிற்கவில்லை. அதை எடுத்துவிட்டு, அதே எலும்பில் ஒரு விரற்கடை தள்ளி இன்னொன்று. இந்த முறை ஊசி பிடிக்காமலேயே நிமிர்ந்து நின்றது. கிலோவுக்கு 20 மில்லி சலைனைச் சிரிஞ்சால் தள்ளினோம். குழந்தை அழுதது. அந்த அழுகைக்காகத்தானே அத்தனை பேரும் காத்திருந்தோம்! எல்லோர் கண்ணும் முகத்துக்கும் மானிட்டருக்கும் போய்விட்டன. காலுக்குக் கட்டுப் போட்டு, குளிரக் கூடாதே என்று போர்வையால் மூடியது நான்தான்.

முக்கால் மணி நேரம் கழித்து அம்மாதான் கேட்டார். "சிஸ்டர், இந்தக் கால் மட்டும் ஏன் கல்லு மாதிரி இருக்கு?"

போர்வையை விலக்கினேன். கெண்டைக்கால் வலது காலைவிடப் பருத்து, தோல் விம்மி மினுமினுத்தது. அழுத்தினால் அமுங்கவில்லை. பாதத்தை லேசாக மேலே மடக்கியதும் குழந்தை வீறிட்டது. பாதத்தில் நாடி கிடைத்தது. "நாடி இருக்கே" என்று ஒரு நிமிடம் நிம்மதிப்பட்டதை நினைத்தால் இன்றும் வயிற்றைக் கலக்குகிறது. தசையுறைக்குள் அழுத்தம் ஏறி ரத்த ஓட்டத்தை நெரிக்கும் கம்பார்ட்மெண்ட் சிண்ட்ரோமில் நாடி அடங்குவது கடைசியில்தான். அதற்குள் தசை செத்துப்போகலாம்.

முதல் குத்தின் ஓட்டை திறந்தே இருந்திருக்கிறது. எலும்புக்குள் தள்ளிய நீரெல்லாம் அந்த வழியாகத் தசைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. ஊசியை உடனே எடுத்தோம். அறுவை மருத்துவர் வந்து பார்த்து, தாமதிக்காமல் தசையுறையைக் கீறித் திறந்தார். கால் பிழைத்தது, நீளமான தழும்போடு. ஒரு எலும்பில் ஒரு குத்துதான், தவறினால் வேறு எலும்புக்குப் போ என்பது நாங்கள் எல்லோரும் படித்த விதிதான். உயிர் போகிற பரபரப்பில் கை அதே இடத்துக்குத்தான் போகிறது.

அவசர மருத்துவர்

சிஸ்டர் சொன்னதைப் படித்ததும் எனக்கு ஒரு தோள் ஞாபகம் வந்தது. இதயம் நின்று வந்தவர், ஐம்பது வயதுக்காரர். மேற்கை எலும்பின் தலையில் 45 மில்லிமீட்டர் ஊசி போட்டோம். துடிப்பு திரும்பியது. அதே ஊசியில் ரத்தக் குழாய்களைச் சுருக்கி அழுத்தத்தை ஏற்றும் நார்அட்ரினலின் ஓடிக்கொண்டிருக்க, சிடி அறைக்குக் கொண்டுபோனோம். படம் எடுக்க வசதியாக யாரோ கையைத் தலைக்கு மேல் தூக்கி வைத்திருக்கிறார்கள். தோள் எலும்பு தட்டி ஊசி வளைந்து வெளியே நழுவிவிட்டது. ரத்த அழுத்தம் சரியச் சரிய நாங்கள் மருந்தின் வேகத்தைக் கூட்டினோம். கூட்டியதெல்லாம் தோலுக்கடியில் போனது. தோளைப் பார்த்தபோது உள்ளங்கை அகலத்துக்கு வெளுத்து விறைத்திருந்தது. அந்தச் சுருக்கத்தை முறிக்கும் ஃபென்டோலமைனைச் சுற்றிலும் குத்தினோம். பெரும்பகுதி மீண்டது, நடுவில் கொஞ்சம் கருகியது.

அன்றிலிருந்து தோளில் ஊசி போட்டவுடன் நோயாளியின் கையை வயிற்றின் மேல் மடக்கிக் கட்டிவிடுகிறேன். அழுத்தம் திடீரென்று விழுந்தால் பம்பைத் தொடுவதற்கு முன் ஊசியைத் தொட்டுப் பார்க்கிறேன்.

ஆம்புலன்ஸ் பணியாளர்

வலியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. நினைவோடு இருப்பவருக்கு ஊசி இறங்குவதைவிட, அதன் பின் நீரைத் தள்ளும்போதுதான் உயிர் போகும். ஒரு விபத்தில் நான் மரத்துப்போக வைக்கும் லிக்னோகெய்ன் தராமல் நேரடியாக 10 மில்லி தள்ளிவிட்டேன். "எடுத்துடுங்கண்ணா, எடுத்துடுங்கண்ணா" என்று அந்தப் பையன் என் சட்டையைப் பிடித்துக் கதறினான். இப்போது பெரியவர்களுக்கு 40 மில்லிகிராம், இரண்டு நிமிடம் எடுத்து மெதுவாகத் தருகிறேன். ஒரு நிமிடம் விடுகிறேன். பிறகுதான் வேகமாகத் தள்ளுவது. அந்த மூன்று நிமிடம் கையில் இருக்கும்போது அதை நோயாளிக்குத் தராமல் இருக்க எனக்கு மனம் வருவதில்லை.

பயிற்சி மருத்துவர்

இதையெல்லாம் படித்த பிறகு ஊசியை எடுக்கவே கை நடுங்குமே, சிஸ்டர்? ஊசி போட்டதும் சிரிஞ்சால் உறிஞ்சிப் பார்த்து மஜ்ஜை வரவில்லை என்றால் தப்பான இடம் என்று எடுத்துவிடலாமா?

அவசரப் பிரிவு செவிலியர்

நடுங்க வேண்டாம் டாக்டர். அந்த ஊசி இல்லாவிட்டால் அந்தக் குழந்தை அன்றைக்கே போயிருக்கும். மோசமான சிக்கல்கள் அரிதுதான். எலும்பில் சீழ் பிடிப்பதுகூட நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. வேறு வழி கிடைத்ததும் கழற்றிவிடுங்கள், 24 மணி நேரத்தைத் தாண்ட விடாதீர்கள்.

மஜ்ஜை பல நேரம் வராது. அதை மட்டும் வைத்து எடுத்துவிட்டால் அந்த எலும்பில் ஒரு ஓட்டைதான் மிச்சம். ஊசி ஆடாமல் நிற்கிறதா, சலைன் தடையில்லாமல் போகிறதா, போகும்போது காலின் பின்பக்கம் வீங்குகிறதா என்று பாருங்கள். பின்பக்கத்தை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கைக்குழந்தையின் எலும்பு மெல்லியது. கொஞ்சம் கூடுதலாக அழுத்தினாலே ஊசி மறுபக்கம் வந்துவிடும். அப்போது வீக்கம் முன்னால் தெரியாது. கையைக் காலுக்கு அடியில் கொடுத்தால்தான் தெரியும்.

எடுக்கும்போது ஆட்டி ஆட்டிப் பிடுங்காதீர்கள், உள்ளே ஒடிந்துவிடலாம். சிரிஞ்சை மாட்டி, கடிகாரம் சுற்றும் திசையில் திருகியபடி நேராக இழுங்கள்.

நான் இப்போது இரண்டு கெண்டைக்கால்களையும் ஒரே இடத்தில் பேனாவால் கோடு போட்டு, டேப்பால் அளந்து எழுதி வைக்கிறேன். கால் மணிக்கு ஒரு முறை திரும்ப அளக்கிறேன். அம்மா பக்கத்தில் இருந்தால் அவர் கையையும் பிடித்து அந்தக் காலின் மேல் வைக்கிறேன். "கல்லு மாதிரி ஆனா உடனே கூப்பிடுங்கம்மா." போர்வை அந்தக் காலுக்கு மட்டும் கிடையாது.