சவுக்கு நுனியில் கிறிஸ்துமஸ் மரம்: எதைப் பார்த்து எடுப்பது?

நெல்லித்தோப்பு அம்மா:
ஆறு வருடமாக எங்கள் வீட்டில் பெட்டியிலிருந்து எடுத்து விரிக்கும் பிளாஸ்டிக் மரம்தான். இந்த முறை மகள், தாத்தா வைத்தது போலவே வேண்டும் என்கிறாள். அப்பா சைக்கிள் கேரியரில் சவுக்கைக் கட்டிக்கொண்டு வருவார். நுனி ரோட்டில் உரசும் சத்தம் கேட்டதும் வாசலுக்கு ஓடுவோம். எதைப் பார்த்து எடுத்தார் என்று கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. போன வாரம் நானே ஒரு கிளை வாங்கி வைத்தேன். மூன்றே நாளில் தரையெல்லாம் பச்சை ஊசி. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

முதுநகர்க்காரன்:
சகோதரி, உதிர்ந்தது இலையே இல்லை. பச்சை இழையாகத் தொங்குவது மெல்லிய குச்சி. இலை என்பது அதன் கணுக்களில் பல் பல்லாக ஒட்டியிருக்கும் செதில்தான். காய்ந்தால் கணுக் கணுவாகக் கழலும். சின்ன வயதில் இழையைக் கழற்றி மறுபடி செருகி, "எங்கே ஒட்டியிருக்கிறது, சொல்" என்று விளையாடியிருப்பீர்களே, அதே கணு.

எங்கள் அப்பா கடலூர் தேவனாம்பட்டினம் பக்கம் சவுக்கு வெட்டும் நாள் விசாரித்துப் போவார். கட்டை லாரியில் ஏறிவிடும், மிலார், அதாவது சிறு கிளைகள், விறகுக்குப் போய்விடும். எங்களுக்கு வேண்டியது நுனி மட்டும். பக்கக் கிளை ஒரு புறம் மொட்டையாக நிற்கும். நுனிதான் நாலு பக்கமும் கிளைத்திருக்கும். அடியைப் பிடித்து ஓர் உலுக்கு உலுக்குவார். கொட்டினால் நேற்று வெட்டியது என்று அங்கேயே போட்டுவிடுவார்.

அம்மாவின் கவலை உயரம். ஓட்டு வீட்டு உத்தரத்தில் நட்சத்திரம் இடிக்கக் கூடாது. வருடா வருடம் இடிக்கும். வருடா வருடம் அப்பா முணுமுணுத்துக்கொண்டே அடியில் ஒரு சாண் அறுப்பார். பிறகு பழைய பெயின்ட் வாளி, ஈர மணல், அண்டக் கொடுக்க இரண்டு செங்கல். தினம் ஒரு சொம்புத் தண்ணீர். ஃபேன் காற்று நேராகப் படக் கூடாது. மெடிக்கல் கடைப் பஞ்சுதான் பனி. அதைப் பிய்த்து வைப்பதில் எங்களுக்குள் அடிதடியே நடக்கும்.

2011 டிசம்பர் 30 காலை ‘தானே’ என்ற புயல் கரையேறியபோது தெருவில் நின்ற மரமெல்லாம் சாய்ந்தது. வாளியில் நின்றது மட்டும் சாயவில்லை. அந்த வருடம், மரத்தை எடுத்துவிடும் மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்தும் அம்மா அதை எடுக்க விடவில்லை. கரண்ட் இல்லாத வீட்டில், பழுத்துப்போன மரம்.

மிஷன் வீதி மருமகள்:
இதற்காக மரம் வெட்டுவானேன்? நர்சரியில் கிறிஸ்துமஸ் மரம் என்றே அரக்கேரியாத் தொட்டி விற்கிறார்கள். என் மாமியாரோ, "அது பசிபிக் தீவு மரம், நம் ஊர்ச் சவுக்கு போல் வருமா?" என்பார். சவுக்கும் ஆஸ்திரேலியப் பக்கத்திலிருந்து வந்ததுதான் என்று சொல்லிப் பார்த்தேன். புதுச்சேரி சம்பா கோயில் நள்ளிரவுப் பூசை முடிந்து வீடு சேரும்வரை என்னோடு பேசவில்லை.

முதுநகர்க்காரன்:
உங்கள் மாமியார் பக்கம்தான் நான். நுனிக்காக யாரும் தோப்பு வெட்டுவதில்லை, தாயே. வெட்டிப் போட்டதில் மிஞ்சுவதைத்தான் எடுக்கிறோம்.

நெல்லித்தோப்பு அம்மா:
நுனி கிடைத்துவிட்டது. விறகுக் கடையில் மூன்றை உலுக்கி நாலாவதை எடுத்தேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். எங்கள் வீடு மாடி வீடு, இடிக்க உத்தரமும் இல்லை. அந்தக் கணு விளையாட்டை மகளுக்குக் காட்டினேன். இரண்டு முறை அவளிடம் தோற்றுவிட்டேன்.